‘நிரந்தரம்’ என்று சான்றளிக்கப்பட்ட என் மறதி குறித்து

அனுப்புநர்:
தட்டச்சர் (உடல்நலக் காரணத்தால் பணியிலிருந்து விடுவிக்கப்பட்டவர்),
பத்திரப் பதிவு அலுவலகம்.
(பெயரும் வீட்டு முகவரியும் தனித்தாளில் எழுதி உறையில் வைக்கப்பட்டுள்ளன.)

பெறுநர்:
இயக்குநர் அவர்கள்,
அரசு மருத்துவமனைகள் இயக்ககம்.

பொருள்: குணப்படுத்தக்கூடிய மூளை நீர்த்தேக்கத்தைத் தீராத மறதி நோய் என முடிவு செய்து எனக்கு வழங்கப்பட்ட சான்றை ரத்து செய்யவும், உண்மையான நோயைக் கண்டறிந்த மருத்துவருக்கு அனுப்பப்பட்ட குறிப்பாணையைத் திரும்பப் பெறவும், பெண்கள் காப்பகத்தில் உள்ள மற்றொருவருக்குத் தாமதமின்றி நீரோட்ட எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுக்க ஆணையிடவும் வேண்டுதல் – தொடர்பாக.

மதிப்புக்குரிய ஐயா,

வணக்கம்.

1. இந்த மனுவை எழுதுபவர் நிரந்தரமாக மனத்தகுதி இழந்தவர் என்று தங்கள் மருத்துவமனையின் முத்திரையோடு ஒரு சான்று உள்ளது. அதை முதல் வரியிலேயே தெரிவித்துவிடுவதுதான் நேர்மை என்று கருதுகிறேன். நான் முப்பது ஆண்டுகள் பிறருடைய விண்ணப்பங்களையும் பத்திரங்களையும் தட்டச்சு செய்தவள். ‘மனுதாரர் பணிவுடன் தெரிவித்துக்கொள்வது யாதெனில்’ என்ற வரியைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் என் விரல்கள் அடித்துவிடும். ஆனால் எனக்காக நானே மனு எழுதுவது இதுதான் முதல் தடவை. எங்காவது முறை தவறி மனம் பேசிவிட்டால் தாங்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். எனக்கு நடந்தது என்னவென்று எனக்குத் தெரியவந்த நாளில் உண்டான திகைப்பு இன்னும் அடங்கவில்லை.

2. என் நோய் காலில்தான் தொடங்கியது. இதைத் தாங்கள் குறித்துக்கொள்ள வேண்டும். ஏனென்றால் இரண்டு ஆண்டுகளாக எந்த மருத்துவரும் இதைக் குறித்துக்கொள்ளவில்லை. அலுவலக வாசற்படியில் கால் எழும்ப மறுத்தது. வலி இல்லை, வீக்கம் இல்லை. எடுத்து வைக்க வேண்டும் என்று நினைப்பேன். பாதம் தரையை விட்டு வராது. வந்தாலும் தேய்த்துக்கொண்டே வரும். திரும்பி நிற்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். “அக்கா, தரையில காந்தம் கீந்தம் வச்சிருக்காங்களா?” என்று உடன் வேலை செய்த பெண்கள் கேலி செய்தார்கள். நானும் சிரித்தேன். என் கணவர் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவர். தச்சனுக்குப் பார்த்ததெல்லாம் மரம் என்பதுபோல், அவருக்கு எல்லாமே கண் கோளாறு. “படி சரியாத் தெரியல, அதான் தடுமாறுற” என்று சொல்லி எனக்குப் புதுக் கண்ணாடி செய்து கொடுத்தார். அது சரிப்படவில்லை என்று இன்னொன்றும் செய்து கொடுத்தார். இரண்டையும் போட்டுக்கொண்டு படி துல்லியமாகத் தெரிய, துல்லியமாகத் தடுமாறினேன்.

3. அடுத்து நேர்ந்ததை ஒரு பெண் அரசு அதிகாரிக்கு எழுதுவது கடினம். ஆயினும் நோயைக் கண்டறிவதில் அதற்குப் பங்கு இருப்பதால் எழுதுகிறேன். சிறுநீரை அடக்க முடியாமல் போனது. வருகிறது என்று தெரிவதற்கும் வந்துவிடுவதற்கும் இடையே அவகாசமே இல்லை. ஒருநாள் அலுவலக நாற்காலியில் அது நேர்ந்தது. எல்லாரும் வீட்டுக்குப் போகும்வரை வேலை இருப்பதுபோல் உட்கார்ந்தே இருந்தேன். அதன்பிறகு அலுவலகத்தில் தண்ணீர் குடிப்பதை விட்டேன். கணவரிடம்கூடச் சொல்லவில்லை. மாதவிடாய் நின்ற பிறகு பெண்களுக்கு வருவதுதான் என்று எனக்கு நானே மருத்துவம் பார்த்துக்கொண்டேன்.

4. மறதி வந்தது இவற்றுக்கெல்லாம் பிறகு. ஒரே பத்தியை இரண்டு முறை தட்டச்சு செய்தேன். என்னைச் சந்தித்துவிட்டுப் போனவர் மறுபடி வந்தால் யார் என்று கேட்டேன். பேசிக்கொண்டிருக்கும்போதே பேச்சு எங்கோ இறங்கிப் போய்விடும். அடுப்பைப் பற்றவைத்துவிட்டு வேறு அறையில் போய் உட்கார்ந்துவிட்டதாகவும், ஒருமுறை செருப்பில்லாமல் சாலைக்குப் போய்விட்டதாகவும் என் கணவர் சொல்லித்தான் இப்போது அறிகிறேன்.

5. அவர் என்னைத் தங்கள் தலைமை மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றார். மூத்த மருத்துவர் இன்று என்ன கிழமை என்று கேட்டார், நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொன்னார், கடிகாரம் வரையச் சொன்னார். நான் வரைந்த கடிகாரத்தில் எண்கள் எல்லாம் ஒரே பக்கம் ஒதுங்கி நின்றனவாம். சாதாரண எம்.ஆர்.ஐ. ஸ்கேன் ஒன்று எடுக்கப்பட்டது. மூளையின் நீரறைகள் விரிந்திருப்பதாகவும், அது ‘வயதுக்கேற்ற மூளைச் சுருக்கம்’ என்றும் அறிக்கை வந்தது. எனக்கு அப்போது ஐம்பத்தாறு வயது. ஐம்பத்தாறுக்கு ஏற்ற சுருக்கம் எது என்று அந்த அறிக்கையில் இல்லை. மூத்த மருத்துவர் என் கணவரிடம், “மறதி நோய்தான். கூடிக்கிட்டேதான் போகும். மருந்து பெரிசா ஒண்ணும் கிடையாது. நீங்க மனச தேத்திக்குங்க” என்றார். என்னை எழுந்து நடக்கச் சொல்லவில்லை. நான் சக்கர நாற்காலியில் உள்ளே போய், சக்கர நாற்காலியிலேயே வெளியே வந்தேன்.

6. பணியிலிருந்து விடுவிக்கப்படுவதற்கு மருத்துவச் சான்று தேவைப்பட்டது. தங்கள் மருத்துவமனைக் குழு அதை வழங்கியது. அதில் ‘நிரந்திரமான மனத்தகுதியின்மை’ என்று தட்டச்சிடப்பட்டிருக்கிறது. நிரந்தரம் என்ற சொல்லையே பிழையாக அடித்திருக்கிறார்கள். உடம்பு தேறிய பிறகு அந்தத் தாளைக் கையில் வாங்கியபோது என் கண்ணில் முதலில் பட்டது அந்தப் பிழைதான். அதைச் சொல்லி நான் சிரிக்க, என் கணவர் கண் கலங்கிவிட்டார். எழுத்துப்பிழை கண்டுபிடிக்கிற பழைய மனைவி திரும்பி வந்துவிட்டாள் என்பது அவருக்கு அப்போதுதான் உறைத்ததாம்.

7. அச்சமயம் என் மகள் கருவுற்றிருந்தாள். மருத்துவர் அவளைப் படுக்கையை விட்டு எழுந்திருக்கவே கூடாது என்று சொல்லியிருந்தார். என் கணவர் ஒற்றை ஆள். கடையைப் பார்ப்பாரா, மகளைப் பார்ப்பாரா, வாசல் கதவைத் திறந்துகொண்டு போகும் என்னைப் பார்ப்பாரா? என்னை அரசு பெண்கள் காப்பகத்தில் சேர்த்தார். இந்த மனுவைப் படிப்பவர்கள் அவரைக் குறை கூற வேண்டாம். எனக்கு அவர்மேல் மனத்தாங்கல் இருந்தது. உட்கார்ந்து பேசித் தீர்த்துக்கொண்டோம். இது அவர்மீதான புகார் அல்ல.

8. காப்பகத்தில் கழித்த ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள் எனக்குப் பெரும்பாலும் நினைவில் இல்லை. ஆனால் ‘பெரும்பாலும்’ என்ற சொல்லைக் கவனிக்கவும். என்னைச் சேர்த்த புதிதில் பணிப்பெண்கள் “அக்கா, சாப்பிடுங்க” என்றார்கள். சில காலம் கழித்து “அந்தம்மாவுக்குச் சாப்பாடு குடுத்தாச்சா?” என்று தங்களுக்குள் கேட்டுக்கொண்டார்கள். பிறகு ஒருநாள், தரை துடைக்கும்போது, “இதக் கொஞ்சம் நகர்த்து” என்று ஒருத்தி சொன்னாள். நாற்காலியைச் சொல்கிறாளோ என்று பார்த்தேன். நாற்காலி நகரவில்லை, என்னைத்தான் நகர்த்தினார்கள். அவர்கள் கெட்டவர்கள் அல்ல. ஒருத்திக்கு ஒரு கூடம் நிறையப் பேர் என்று வேலை. ஆயினும் ஐயா, அக்காவிலிருந்து அந்தம்மாவுக்கும், அந்தம்மாவிலிருந்து ‘இது’வுக்கும் இறங்கிய ஒவ்வொரு படியும் எனக்குத் தெரிந்தது. பதில் சொல்ல வாய் வரவில்லை, அவ்வளவுதான். உள்ளே ஒருத்தி உட்கார்ந்திருந்தாள்.

9. ஒரு காலை காப்பகக் கழிவறை வாசலில் விழுந்து எனக்கு மண்டை உடைந்தது. இதை நான் என் வாழ்வின் அதிர்ஷ்டம் என்று சொன்னால் தாங்கள் அந்தச் சான்று சரிதான் என்று நினைக்கக்கூடும். விளக்குகிறேன். மறதி நோய் என்று முடிவான நோயாளிக்கு மறுபடி ஸ்கேன் எடுக்கக் கூடாது என்று தங்கள் இயக்ககத்தின் நிலையாணை ஒன்று இருக்கிறது. எம்.ஆர்.ஐ. ஸ்கேன் பிரிவுப் பதிவாளர் என் கோப்பைப் பார்த்ததும், “இது முடிஞ்ச கேஸ் ஆச்சே” என்று திருப்பி அனுப்பப் பார்த்தார். இரத்தம் வழிந்துகொண்டிருந்ததால் விபத்து என்ற பிரிவில் உள்ளே விட்டார். என் மண்டை உடையாமல் இருந்திருந்தால், என் மூளையை யாரும் திரும்பிப் பார்த்திருக்கவே மாட்டார்கள்.

10. அன்று ஸ்கேன் படங்களைப் பார்த்தவர் வயதில் என் மகளையொத்த ஒரு கதிரியக்க மருத்துவர். ஊழியர்கள் அவருக்குக் ‘கேள்வி டாக்டர்’ என்று பட்டப்பெயர் வைத்திருக்கிறார்கள், பாராட்டாக அல்ல. மண்டைக்குள் இரத்தக் கசிவு இருக்கிறதா என்று சொல்லிவிட்டு அவர் அடுத்த நோயாளிக்குப் போயிருக்கலாம். போகவில்லை. அறையை விட்டு வெளியே வந்து, வராந்தாவில் நின்ற என் கணவரிடம், “ஐயா, இவங்க விழறதுக்கு முன்னாடி எப்படி நடப்பாங்க?” என்று கேட்டார்.

என் கணவர், “தரையில பசை தடவி வச்ச மாதிரி நடப்பா டாக்டர்” என்றார்.

“மறதி முதல்ல வந்துச்சா, நடை முதல்ல போச்சா?”

“நடைதான் முதல்ல.”

“ஒண்ணுக்கு அடக்க முடியாமப் போனது?”

“நடைக்கு அப்புறம். மறதிக்கு முன்னாடி. அவ சொல்லல, துணியப் பார்த்து நானாத் தெரிஞ்சுக்கிட்டேன்.”

இந்த மூன்று கேள்விகளையும் அதுவரை ஒருவரும் கேட்டதில்லை என்று என் கணவர் சொல்கிறார். அவற்றைக் கேட்டபோது, இத்தனை நாளாக யாராவது கேட்க மாட்டார்களா என்று தான் காத்துக்கொண்டிருந்தது போலத் தனக்குத் தோன்றியதாகவும், கேட்கும்வரை அது தனக்கே தெரியாது என்றும் சொல்கிறார்.

11. மருத்துவர் என்னை இயந்திரத்தை விட்டு இறக்கவில்லை. கூடுதலாக இரண்டு பரிசோதனைகளைச் செய்தார். நான் மருத்துவம் படித்தவள் அல்ல. அவர் எங்களுக்கு விளக்கியதை என் சொல்லில் தருகிறேன். மூளைக்குள் நான்கு நீரறைகள் உள்ளன. அவற்றில் நீர் ஊறி, ஓடி, மூளையைச் சுற்றி வெளியே வந்து வடிய வேண்டும். மூன்றாவது அறைக்கும் நான்காவது அறைக்கும் இடையே குண்டூசித் தலை அளவே அகலமான ஒரு குழாய்ப் பாதை. சாதாரண ஸ்கேன் மூளையைத் தடித்த சீவல்களாகப் படம் எடுப்பதால், அந்தப் பாதையில் மெல்லியதாக ஏதாவது குறுக்கே நின்றால் இரண்டு சீவல்களுக்கு நடுவே அது தப்பிவிடும். அவர் முதலில் செய்தது மிக மெல்லிய சீவல்களாக எடுக்கும் ஸ்கேன். அதில் என் பாதையின் குறுக்கே வெங்காயத்தின் உள்தோல் போல ஒரு சவ்வு தெரிந்தது. அது உண்மையிலேயே நீரை மறிக்கிறதா என்று உறுதிப்படுத்த இரண்டாவதாகச் செய்தது நீரோட்ட ஸ்கேன். நாடித்துடிப்போடு இணைத்து, நீர் எந்தப் பக்கம், என்ன வேகத்தில் நகர்கிறது என்று அசையும் படமாக அது காட்டும். ஊசி இல்லை, மருந்து இல்லை. வெளியே காத்திருந்தவர்கள் “உள்ள என்ன குடித்தனமா நடத்துறாங்க?” என்று சத்தம் போட்டார்களாம். நியாயம்தான். அவர்களுக்கும் அவரவர் வலி.

12. பிறகு மருத்துவர் என் கணவரை உள்ளே அழைத்துத் திரையில் இரண்டு படங்களைக் காட்டினார். ஒன்று, இயந்திரத்தைப் பழகும்போது எடுத்துக்கொண்ட அவருடைய சொந்த மூளையின் படம். அதில் ஒவ்வொரு துடிப்புக்கும் அந்தப் பாதை வெள்ளையாகவும் கறுப்பாகவும் மாறி மாறி மின்னியது. நீர் போகிறது, வருகிறது. மற்றது என்னுடையது. மேலே உள்ள அறைகள் ஊதிக் கிடக்க, அந்தப் பாதை சாம்பல் நிறத்தில் அப்படியே நின்றது. துடிப்புக்குத் துடிப்பு ஒரு மாற்றமும் இல்லை.

“இது ஓடுது. இது ஓடல. அவ்வளவுதான் ஐயா” என்றார் மருத்துவர்.

என் கணவர் திரைக்கு அருகே குனிந்தார். “இது சரி பண்ண முடியுமா?” என்று கேட்டார்.

“முயற்சி பண்ணலாம். பல பேருக்குச் சரியாகுது. எவ்வளவு திரும்பும்னு இப்ப என்னால சொல்ல முடியாது. ஆனா இது சுருக்கம் இல்ல. அடைப்பு.”

சுருக்கம் இல்லை, அடைப்பு. இந்த ஒரு சொல் மாறுவதற்கு நான் ‘இது’வாக இரண்டு ஆண்டுகள் இருக்க வேண்டியிருந்தது. இரண்டு ஆண்டுகளுக்கு முன் எடுத்த பழைய படத்தையும் மருத்துவர் அருகில் வைத்துக் காட்டினார். சவ்வு அதில் தெரியவில்லை. ஆனால் மேலே மூன்று அறைகள் விரிந்திருக்க, நான்காவது மட்டும் ஒழுங்காக இருந்தது. மேலே வெள்ளம், கீழே வறட்சி என்றால் நடுவில் யாரோ மடையை அடைத்திருக்கிறார்கள் என்று சந்தேகம் வரவேண்டாமா? அன்று சந்தேகப்பட்டு இதே பரிசோதனைகளைச் செய்திருந்தால் நான் இன்று இந்த மனுவை எழுத வேண்டியிருந்திருக்காது.

13. மூளை அறுவை மருத்துவர் கேமரா பொருத்திய மெல்லிய குழாயை உள்ளே செலுத்தி, மூன்றாவது அறையின் அடித்தளத்தில் சிறு துளை இட்டு, நீர் வெளியேற வேறு வழி செய்துகொடுத்தார். அறுவை முடிந்து சில நாள்களில், விடியற்காலையில் கழிவறைக்குப் போக வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. எழுந்து போனேன். திரும்பி வந்து படுத்தேன். பக்கத்து நாற்காலியில் உறங்கிக்கொண்டிருந்த என் கணவர் விழித்துப் பார்த்து, “யாரு உன்னக் கூட்டிட்டுப் போனா?” என்று கேட்டார். யாரும் இல்லை என்றேன். அவர் என் பாதங்களைப் பிடித்துக்கொண்டு கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. அவர் தலைமுடி எப்போது இவ்வளவு நரைத்தது என்றுதான் நான் யோசித்துக்கொண்டிருந்தேன்.

14. அன்று பிற்பகல் என் மகள் ஒரு குழந்தையோடு வந்தாள். தளர்நடை போடும் பெண் குழந்தை. கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டு என்னையே பார்த்தது. நான் அதன் கன்னத்தைத் தொட்டு, “யார் வீட்டுப் பாப்பா இது?” என்று கேட்டேன். என் மகள் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். என் நினைவில் அவள் அப்போதும் நிறைமாதக்காரிகூட இல்லை. வயிறு லேசாகத் தெரியும் நிலையில் படுத்திருப்பவள். ஐயா, அறுவையின் வலி எனக்கு நினைவில்லை. மண்டை உடைந்த வலியும் நினைவில்லை. அந்தக் கேள்வியைக் கேட்டு, அதன் பதிலை என் மகளின் முதுகில் படித்த நொடி மட்டும் தினமும் நினைவுக்கு வருகிறது. பிறந்த குழந்தையை ஒருமுறை காப்பகத்துக்குக் கொண்டுவந்து என் மடியில் வைத்தார்களாம். நான் அதைத் துணி மூட்டை என்று எண்ணி நகர்த்தி வைத்தேனாம்.

15. நான் முற்றிலும் தேறிவிட்டேன் என்று பொய் சொல்ல மாட்டேன். களைத்தால் இடது கால் இன்னும் தேய்கிறது. சில சொற்கள் வர மறுக்கின்றன. ஆனால் கடைத்தெருவுக்குத் தனியே போய் வருகிறேன், கணவர் கடைக் கணக்கில் தப்பு கண்டுபிடித்துச் சண்டை போடுகிறேன், பேத்தியின் பின்னால் ஓட முடியாவிட்டாலும் நடந்தே பிடித்துவிடுகிறேன். அறுவைக்குப் பிறகு எடுத்த நீரோட்ட ஸ்கேனில் புதிய வழியே நீர் துடித்துத் துடித்து ஓடுவது தெரிகிறது. அதன் பிரதியை இணைத்துள்ளேன்.

16. இனி என் குறைகள். நன்றி சொல்வதற்காக ஸ்கேன் பிரிவுக்குப் போனேன். கேள்வி டாக்டர் அங்கே இல்லை. மார்பு எக்ஸ்ரே பிரிவுக்கு மாற்றப்பட்டிருந்தார். ஒரு நோயாளிக்கு ஒதுக்கிய நேரத்தை மீறி இயந்திரத்தைப் பயன்படுத்தியதற்கும், மூளை அறுவை மருத்துவரின் எழுத்து மூலமான கோரிக்கை இல்லாமல் சிறப்புப் பரிசோதனை செய்ததற்கும் விளக்கம் கேட்டு அவருக்குக் குறிப்பாணை வந்திருக்கிறது. அவராகச் சொல்லவில்லை, அங்கே தேடிப் போய் நான் துருவித் துருவிக் கேட்டதால் சொன்னார். “அத விடுங்கம்மா. நீங்க நடந்து வந்தீங்க பாருங்க, அது போதும் எனக்கு” என்றார். அவருக்குப் போதும். எனக்குப் போதாது. நான் மீண்டு வந்த அந்தச் சிறிது நேரம் தங்கள் கோப்பில் ஒரு குற்றமாக எழுதப்பட்டிருக்கிறது என்பதை என்னால் செரிக்க முடியவில்லை.

17. இந்த நீரோட்ட ஸ்கேன் எடுக்கும் வசதி அந்த இயந்திரம் வந்த நாளிலிருந்தே அதில் இருக்கிறது என்றும் அறிந்தேன். புதிதாக எதுவும் வாங்க வேண்டியதில்லை. ஆனால் அதைச் செய்ய மூளை அறுவை மருத்துவர் கோர வேண்டும். மறதி நோய் என்று முத்திரை குத்தப்பட்டவரை மூளை அறுவை மருத்துவரிடம் யாரும் அனுப்புவதில்லை. அந்த முத்திரை தவறு என்று காட்ட நீரோட்ட ஸ்கேன் வேண்டும். பைத்தியம் தெளிந்தால்தான் கல்யாணம், கல்யாணம் ஆனால்தான் பைத்தியம் தெளியும் என்று வேடிக்கையாகச் சொல்வார்கள். அது நிலையாணையாகவே அச்சிடப்பட்டிருக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

18. என் சான்றை ரத்து செய்யக் கோரி மருத்துவமனை அலுவலகத்துக்குச் சென்றேன். அங்கிருந்த எழுத்தர் மரியாதையாகவே பேசினார். “சான்றுல நிரந்தரம்னு இருக்குங்களே. தற்காலிகம்னா ரத்து பண்ணலாம். நிரந்தரத்த ரத்து பண்ண வழி இல்லையே” என்றார். நான் அவர் எதிரிலேயே நின்றுகொண்டு, அவரிடமே பேசிக்கொண்டிருந்தேன். சரி, புகாராவது கொடுக்கிறேன் என்று எழுதிக் கையெழுத்திட்டு நீட்டினேன். “உங்க கையெழுத்து செல்லாதும்மா. உங்க வீட்டுக்காரர போடச் சொல்லுங்க” என்றார். என் கணவர் பேனாவை எடுத்தார். நான் தடுத்துவிட்டேன். என் பக்கத்தில் நின்று, “ரெண்டு வருஷமா நான்தானே அவளுக்குப் பதிலாப் போட்டேன். இனிமே அவளே போடட்டும்” என்று அவர் சொன்னார். எழுத்தர் கடைசிவரை வாங்கவில்லை. ஆகவே நேரடியாகத் தங்களுக்கு எழுதுகிறேன்.

19. மேற்கண்ட அனைத்தும் எனக்காகக் கேட்பவை. அவை சற்றுத் தாமதமானாலும் தாங்குவேன். இனிச் சொல்லப்போவது தாமதத்தைத் தாங்காது. சென்ற வாரம் காப்பகத்தில் விட்டுவந்த என் துணிமணிகளை எடுக்கப் போனேன். கூடத்தின் மறுகோடியில் ஒரு பெண்மணி ஜன்னல் பக்கம் திரும்ப முயன்றுகொண்டிருந்தார். பள்ளியில் கணக்குப் பாடம் நடத்தியவர் என்பதால் அவரைக் கணக்கு டீச்சர் என்றே எல்லாரும் அழைப்பார்கள். திரும்புவதற்காகச் சிறுசிறு அடிகளாக வைத்துக்கொண்டிருந்தார். பாதங்கள் தரையை விட்டு எழவில்லை. ஒரு காலைக் கிளப்ப உடம்பு முழுவதையும் கேட்டுக் கெஞ்சுவது போன்ற அந்த முகத்தைப் பார்த்ததும் நான் பையைக் கீழே போட்டுவிட்டேன். அந்த நடையை வெளியிலிருந்து பார்ப்பது எனக்கு அதுதான் முதல் முறை. ஆனால் உள்ளிருந்து அது எனக்கு அத்துப்படி.

20. காப்பாளரிடம் விசாரித்தேன். டீச்சருக்கும் முதலில் நடை போனது, பிறகு சிறுநீர், பிறகுதான் மறதி. அவருக்கும் மறதி நோய் என்று முடிவாகிவிட்டது. “எனக்கும் சங்கடமாத்தான் இருக்கு. மருத்துவமனைல கடிதம் குடுத்தா கூட்டிட்டுப் போறேன்” என்றார் காப்பாளர். மருத்துவமனையில் கேட்டால் முடிந்த கேஸுக்குக் கடிதம் இல்லை என்கிறார்கள். டீச்சருக்கு இருக்கும் ஒரே உறவான தம்பியைத் தேடிப் பிடித்துப் பேசினேன். “அக்காவ எங்க வேணா கூட்டிட்டுப் போங்க, நான் வேணாம்னு சொல்லல” என்று சம்மதக் கடிதம் எழுதிக் கொடுத்திருக்கிறார். அதையும் இணைத்துள்ளேன்.

21. டீச்சருக்கு இருப்பது என் நோய்தான் என்று நான் சொல்லவில்லை. மறதியால் வருந்துபவர்களில் பெரும்பாலோருக்கு இது இல்லை என்று கேள்வி டாக்டரே என்னிடம் தெளிவாகச் சொன்னார். எல்லாரையும் இயந்திரத்தில் ஏற்றுங்கள் என்று கேட்கும் அளவுக்கு எனக்கு மதி கெட்டுவிடவில்லை, சான்று என்ன சொன்னாலும். நடை முதலில் போனவர்களை, சிறுநீர் அடக்க முடியாதவர்களை, நீரறைகள் விரிந்திருப்பவர்களை ஒரு முறை சரியாகப் பாருங்கள் என்றுதான் கேட்கிறேன். இல்லை என்றால் இல்லை என்பதை அந்தப் படம் சொல்லட்டும். முத்திரை சொல்ல வேண்டாம்.

22. எனவே தாங்கள் கருணையுடன்:

அ) கணக்கு டீச்சருக்கு மெல்லிய சீவல் ஸ்கேனும் நீரோட்ட ஸ்கேனும் எடுக்க உடனே ஆணையிட வேண்டும். மற்றவை பிறகு.

ஆ) என்னைப் போன்ற அறிகுறிகள் உள்ளவர்களுக்கு மறு ஸ்கேனைத் தடுக்கும் நிலையாணையைத் திருத்தி, ஸ்கேன் அறை மருத்துவரே சந்தேகத்தின் பேரில் இப்பரிசோதனையைச் செய்யலாம் என்று வழி செய்ய வேண்டும்.

இ) மேற்படி மருத்துவருக்கு அனுப்பிய குறிப்பாணையைத் திரும்பப் பெற்று, அவரை ஸ்கேன் பிரிவிலேயே பணியமர்த்த வேண்டும். கேள்வி கேட்பவர் உட்கார வேண்டிய இடம் அதுதான்.

ஈ) என் சான்றை ரத்து செய்ய வேண்டும். அதற்கு வழி இல்லையெனில் ஒரு வழியை உண்டாக்க வேண்டும்.

23. என் கையெழுத்து செல்லாது என்று இந்த மனு திருப்பி அனுப்பப்படக்கூடும் என்பதை அறிவேன். அப்படியானால் ஆ, இ, ஈ ஆகியவற்றைத் திருப்பி அனுப்புங்கள், மறுபடி எழுதுவேன். ‘அ’வை மட்டும் தயவுசெய்து வைத்துக்கொள்ளுங்கள். அன்று காப்பகத்தை விட்டு நான் கிளம்பியபோது கணக்கு டீச்சர் கைநீட்டி என் முந்தானையைப் பிடித்துக்கொண்டார். என்னை அவருக்கு அடையாளம் தெரிந்ததா என்று தெரியவில்லை. வாய் அசைந்தது, சொல் வர நேரமானது. நான் குனிந்து காத்திருந்தேன். காத்திருந்தால் வரும் என்று எனக்குத் தெரியும். கடைசியில் அவர் கேட்டார்: “நீ மட்டும் எப்படி வெளிய போன?”

அவருக்குப் பதில் சொல்லும் அதிகாரம் என்னிடம் இல்லை. அது தங்களிடம் இருக்கிறது.

இப்படிக்கு,
தன் கையெழுத்தைத் தானே இடும்

(கையொப்பம்)
மனுதாரர்

நாள்: திங்கட்கிழமை
இடம்: வீடு

இணைப்பு: பழைய, புதிய ஸ்கேன் படங்களின் பிரதிகள், மனத்தகுதியின்மைச் சான்றின் பிரதி, கணக்கு டீச்சருடைய தம்பியின் சம்மதக் கடிதம்.